ஜுசியூ வளாகத்துக் கல்நார்: ஒரு வரலாற்று நோக்கு

கட்டடங்கள் எழுப்பப்பட்ட கதையை வரலாறு விரிவாகக் கூறும். எடுப்பித்த மன்னன் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கும். அடிக்கல் நாட்டிய அமைச்சர் பெயர் சலவைக்கல்லிற் பதிக்கப்பட்டிருக்கும். அக்கட்டடம் பழமையுற்றுக் கழற்றப்படும்போது கழற்றியவர் யாவர், அவர் எதனைச் சுவாசித்தார், கழற்றிய பொருள் எங்கே சென்றது என்பனவற்றை எழுதி வைப்பார் அரியர். இருபதாம் நூற்றாண்டின் கட்டடங்களைப் பொறுத்தவரை இக்குறை பாரதூரமானது. அந்நூற்றாண்டு தன் சுவர்களுக்குள்ளும் கூரைகளுக்குள்ளும் கல்நார் என்னும் பொருளை ஏராளமாக வைத்துச் சென்றுள்ளது. அதனை வெளியே எடுக்கும் வேலை எமது தலைமுறையின்மீதும் அடுத்த தலைமுறையின்மீதும் சுமந்திருக்கின்றது.

பாரிஸ் நகரத்து ஜுசியூ பல்கலைக்கழக வளாகத்திற் கல்நார் பூசப்பட்டுப் பின்னர் அகற்றப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை நோக்க முற்படுகின்றது. இவ்வளாகத்தைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. ஆபத்தை அறிவதற்கு வேண்டிய அறிவும் கருவியும் அங்கேயே இருந்தன. பௌதிகவியலாளர், இரசாயனவியலாளர், உயிரியலாளர் எனப் பலரும் அந்தக் கூரையின் கீழேயே பணிபுரிந்தனர். அவ்வாறிருந்தும் ஆபத்து உணரப்பட்ட காலத்திலிருந்து அகற்றும் வேலை முறையாகத் தொடங்குவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளும், தொடங்கிய வேலை முற்றுப்பெறுவதற்கு மேலும் இருபது ஆண்டுகளும் கழிந்தன. அறிவு இருந்தும் செயல் ஏன் பிந்தியது? பிந்திய செயல் ஈற்றில் எவ்வாறு நிகழ்ந்தது? இவ்விரு வினாக்களே இங்கு ஆராயப்படுகின்றன.

கல்நாரின் இயல்பு

எம்மவர் பேச்சில் அஸ்பெஸ்ரஸ் என வழங்கும் கல்நார், பாறையிலிருந்து பெறப்படும் கனிப்பொருளாகும். கல்லாக இருந்தும் பஞ்சுபோற் பிரிந்து இழையாகும் இயல்பு அதற்குண்டு. அது தீயில் எரியாது, வெப்பத்தை எளிதிற் கடத்தாது, பெரும்பாலான அமிலங்களுக்கும் காரங்களுக்கும் ஈடுகொடுக்கும், விலையும் மலிவானது. வெள்ளை, பழுப்பு, நீலம் என வணிகத்தில் வழங்கிய மூன்று வகைகளும் நூலாக நூற்கப்பட்டன, துணியாக நெய்யப்பட்டன, சீமெந்துடன் கலந்து தகடாக வார்க்கப்பட்டன, கொதிகலன்களையும் நீராவிக் குழாய்களையும் சுற்றிக் கட்டப்பட்டன. 1930களிற் பிரித்தானியாவில் மற்றொரு முறை தோன்றியது. கல்நாரைப் பிணைப்புப் பொருளுடனும் நீருடனும் கலந்து, குழாய்வழியே விசிறி, உருக்குச் சட்டங்களின்மீதும் கூரையின் அடிப்புறத்திலும் பூசினர். இவ்விசிறற் பூச்சே எமது கதையின் மையமாகும்.

கல்நாரின் தீமையும் அதன் நன்மை பிறந்த இடத்திலேயே பிறந்தது. பிரியப் பிரிய நுண்ணியதாகும் அதன் இழை, கண்ணுக்குப் புலப்படாத அளவிற் காற்றில் மிதக்கும். மூச்சுடன் நுரையீரலின் ஆழத்தை அடையும். தீயாலும் அமிலத்தாலும் அழியாத இழையை உடலும் எளிதில் அழிக்கமாட்டாது. நுரையீரல் தழும்புற்று இறுகும் அஸ்பெஸ்ரோசிஸ், நுரையீரற் புற்றுநோய், நுரையீரலையும் வயிற்றறையையும் சூழ்ந்த மென்சவ்விலே தோன்றும் மெசோதீலியோமா என்னும் புற்றுநோய் ஆகியன இதனால் விளையும் முதன்மையான நோய்கள். சுவாசித்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூடக் கழியலாம். இந்நீண்ட இடைவெளியே கல்நாரின் வரலாற்றைச் சிக்கலாக்கியது. குற்றம் நிகழ்ந்த இடமும் சாவு நிகழ்ந்த இடமும் வெவ்வேறாயின. இரண்டையும் இணைத்துக் காட்டுவதற்கு யாரேனும் வேண்டியிருந்தது.

எழுதப்பட்டும் வாசிக்கப்படாத அறிக்கை

கல்நாரின் தீங்கு அண்மையிலேயே கண்டறியப்பட்டதெனக் கருதுவது தவறு. பிரான்சின் வடமேற்கே கொந்தே சூர் நுவாரோ என்னும் ஊரில் 1890ஆம் ஆண்டிற் கல்நார் நூற்பு நெசவாலையொன்று தொடங்கப்பட்டது. தெனி ஓரிபோ என்ற தொழிற் பரிசோதகர் 1906ஆம் ஆண்டில் அவ்வாலை பற்றி எழுதிய அறிக்கையில், தூசியை வெளியேற்றும் வசதி எதுவுமின்றி ஆலை இயங்கிய முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஐம்பது தொழிலாளர் மாண்டனர் எனக் குறிப்பிட்டார். பிரித்தானியாவில் மெறிவெதர், பிறைஸ் ஆகிய இருவரும் 1930ஆம் ஆண்டிற் சமர்ப்பித்த ஆய்வு, ஆலைத் தூசிக்கும் நுரையீரல் இறுகுவதற்கும் உள்ள தொடர்பை நிறுவியது. அதனைத் தொடர்ந்து 1931ஆம் ஆண்டில் அங்கு ஒழுங்குவிதிகள் பிறந்தன. பிரான்சில் 1945ஆம் ஆண்டிற் கல்நார் நோய் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. 1955ஆம் ஆண்டில் றிச்சட் டோல் கல்நார் நெசவுத் தொழிலாளரிடையே நுரையீரற் புற்றுநோய் மிகுந்திருப்பதைக் காட்டினார். 1960ஆம் ஆண்டில் வாக்னரும் அவருடன் பணிபுரிந்தோரும் தென்னாபிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியிலிருந்து மெசோதீலியோமா நோயாளர் 33 பேரைப் பற்றி அறிக்கையிட்டனர். அவர்களுட் சுரங்கத்திற் பணிபுரியாது, அதன் அயலில் வாழ்ந்தோரும் இருந்தனர்.

இந்நிரலில் 1964ஆம் ஆண்டு தனிக்கவனத்துக்குரியது. அவ்வாண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த மருத்துவர் இர்விங் செலிகொவ் தாமும் பிறரும் செய்த ஆய்வினை வெளியிட்டார். அவர் ஆராய்ந்தோர் ஆலைத் தொழிலாளர் அல்லர். கட்டடங்களிலே வெப்பக்காப்புப் பொருத்தும் தொழிலாளர். அதாவது, ஆபத்து ஆலையின் மதிலைத் தாண்டி வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் சென்றுவிட்டது என்பதே அவ்வாய்வின் பொருள். ஏறத்தாழ அதே காலத்திலேயே பாரிஸ் நகரத்தில் ஜுசியூ வளாகத்தின் நிர்மாணம் தொடங்கியது. அறிவு ஒரு நாட்டில் அச்சேறிக்கொண்டிருக்கையில் அறியாமை மற்றொரு நாட்டிற் கட்டடமாக எழுந்தது.

வளாகம் எழுந்தமை

சேன் நதியின் இடக்கரையில், பழைய வைன் சந்தை இருந்த நிலத்தில், பாரிஸ் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்குப் புதிய இருப்பிடம் அமைக்கத் தீர்மானிக்கப்பட்டது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மாணவர் தொகை பெருகிப் பழைய சோர்போன் கட்டடங்கள் இடங்கொள்ளாத நிலையை அடைந்திருந்தன. பீடாதிபதி மார்க் சமான்ஸ்கி முன்னின்று முயன்றார். எதுவார் அல்பேர் என்ற கட்டடக்கலைஞர் வரைபடம் தயாரித்தார். நீண்ட கட்டடத் தொகுதிகள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் சதுர முற்றங்களைச் சூழ்ந்து நிற்க, நடுவே ஏறத்தாழ 90 மீற்றர் உயரமான கோபுரம் எழுவதாக அவர் அமைத்தார். ஸ்பானிய அரசனின் எஸ்கோரியல் மாளிகை அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. 1964ஆம் ஆண்டிலிருந்து 1972ஆம் ஆண்டுவரை வேலை நடைபெற்றது. அல்பேர் 1968ஆம் ஆண்டிலேயே காலமானார். அவ்வாண்டின் மாணவர் கிளர்ச்சியைத் தொடர்ந்து பாரிஸ் பல்கலைக்கழகமே பல பல்கலைக்கழகங்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஆறாம் பாரிஸ் பல்கலைக்கழகமும் ஏழாம் பாரிஸ் பல்கலைக்கழகமும் ஜுசியூவில் ஒருங்கே குடியேறின.

வளாகத்தின் எலும்புக்கூடு உருக்கினால் ஆனது. உருக்கு எரிவதில்லை, ஆயினும் ஏறத்தாழ 550 பாகை செல்சியசு வெப்பத்தில் தன் வலிமையிற் பாதியளவை இழந்து வளையும். ஆகவே தீவிபத்தின்போது கட்டடம் சரியாதிருக்க உருக்குச் சட்டங்களுக்குக் காப்புறை வேண்டும். அக்காலத்தில் விரைவானதும் மலிவானதுமான காப்புறை கல்நார் விசிறற் பூச்சேயாகும். மாணவரையும் ஆசிரியரையும் தீயிலிருந்து காப்பதற்கென்றே அது பூசப்பட்டது. இதனை நாம் மறத்தலாகாது. தீங்கிழைக்கும் எண்ணம் எவருக்கும் இருந்ததற்குச் சான்றில்லை. ஓர் ஆபத்தைத் தவிர்க்கும் அவசரத்தில் மற்றோர் ஆபத்தைச் சுவருக்குள் வைத்துவிட்டனர்.

தூசியைக் கண்டோர்

விசிறற் பூச்சு இறுகிய சீமெந்துபோன்றதன்று. விரலாற் சுரண்டினாலும் உதிரும் தன்மையது. 1970களின் நடுப்பகுதியில், கூரையிலிருந்து தூசி உதிர்வதை வளாகத்திற் பணிபுரிந்தோர் கவனித்தனர். அங்கு பணியாற்றிய ஆன்றி பெஸெரா என்ற இரசாயனவியலாளர் அத்தூசியின் இயல்பை ஆராயத் தலைப்பட்டார். வெவ்வேறு தொழிற்சங்கங்களைச் சார்ந்தோர் தம் வேற்றுமைகளை ஒருபுறம் வைத்துக் கூட்டுக்குழுவொன்றை அமைத்தனர். பேராசிரியர், ஆய்வுகூட உதவியாளர், மின்வேலையாளர், துப்புரவுப் பணியாளர் ஆகியோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தமை பல்கலைக்கழக வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று.

அக்குழு செய்த மிகப் பெருஞ்செயல் யாதெனின், அது வளாகத்தின் வாயிலுக்கு அப்பாற் சென்றமையேயாகும். நடுப் பிரான்சிலுள்ள கிளெர்மோன் பெரான் நகரத்தில் அமிசோல் என்ற கல்நார் ஆலை 1974ஆம் ஆண்டில் மூடப்பட்டிருந்தது. அதன் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், வேலை இழப்பை எதிர்த்து ஆலையைக் கைப்பற்றி அங்கேயே தங்கியிருந்தனர். வேலை வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. அவர்களை நாடி ஜுசியூவிலிருந்து பெஸெராவும் தோழரும் சென்று, அத்தொழிலாளர் நாள்தோறும் சுவாசித்தது எதுவென்பதை எடுத்துரைத்தனர். தாம் மீளக்கோரும் வேலையே தம்மைக் கொல்வது என்று கேட்பது எத்துணைக் கொடியது! ஆயினும் அப்பெண்கள் அச்செய்தியை ஏற்றனர். அன்றுமுதல் அவர்களது போராட்டம் நோய்க்கு நியாயம் கோரும் போராட்டமாகவும் மாறியது. சென்றவர்களும் வெறுங்கையோடு திரும்பவில்லை. நூல்களில் எண்ணாகக் கண்ட நோயை இருமலாகவும் மூச்சுத்திணறலாகவும் கண்டு திரும்பினர்.

இச்சந்திப்பையே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனக் கொள்ளலாம். ஓரிபோவின் 1906ஆம் ஆண்டு அறிக்கையில் அறிவு இருந்தது. ஆயின் அறிந்தவர் ஒரு பக்கமும் நோயுற்றவர் மறுபக்கமும் நின்றனர். இருசாராரும் சந்தித்தபோதே அறிவு பொதுப் பிரச்சினையாயிற்று. கூட்டுக்குழு 1977ஆம் ஆண்டில் கல்நாரின் ஆபத்தை விளக்கும் நூலொன்றை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகமும் கல்நார் மனிதரிற் புற்றுநோயை விளைவிக்கும் என மதிப்பிட்டது. பிரெஞ்சு அரசாங்கம் 1977ஆம் ஆண்டிற் குடியிருப்புக் கட்டடங்களிலும் 1978ஆம் ஆண்டில் ஏனைய கட்டடங்களிலும் கல்நார் விசிறற் பூச்சைத் தடைசெய்தது. வேலைத்தலங்களின் காற்றில் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2 இழை என்ற உச்ச எல்லையும் 1977ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது.

இருபதாண்டு மௌனம்

இனிப் பூசலாகாது என்பது விதியாயிற்று. முன்னரே பூசப்பட்டதை என்செய்வது? இவ்வினாவுக்கு விடை கூறப்படவில்லை. வளாகத்தின் சில பகுதிகளில் மூடல் வேலைகள் நடந்தபோதும் பெரும்பகுதி இருந்தபடியே விடப்பட்டது. 1982ஆம் ஆண்டிற் கல்நார் நிரந்தரக் குழு என ஓர் அமைப்பு பாரிஸில் உருவாயிற்று. உற்பத்தியாளர், தொழிற்சங்கத்தினர், அமைச்சுகளின் அலுவலர், விஞ்ஞானிகள் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். உற்பத்தியாளரின் ஆதரவில் இயங்கிய அக்குழு, 'கட்டுப்படுத்தப்பட்ட பாவனை' என்ற கொள்கையை முன்வைத்தது. கவனமாகக் கையாண்டாற் கல்நாரைத் தொடர்ந்தும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். அரசாங்கம் தன் பொறுப்பை அக்குழுவிடம் ஒப்படைத்துவிட்டுப் பேசாதிருந்தது. 1995ஆம் ஆண்டுவரை இந்நிலை நீடித்தது.

கட்டடங்களைப் பொறுத்தவரை அக்கொள்கையின் மறுவடிவம், அசைக்காதிருந்தால் ஆபத்தில்லை என்பதாகும். இக்கூற்றில் உண்மை உண்டு. நன்னிலையில் மூடப்பட்டிருக்கும் கல்நாரைத் தேவையின்றிக் கிளறுவது, விட்டுவைப்பதிலும் தீங்கானது. அவசரப்பட்டுச் சுரண்டியமையால் முன்னிலும் அதிகமாகக் காற்று மாசுற்ற கட்டடங்கள் பல நாடுகளில் உண்டு. ஆனால் எக்கட்டடமும் அசையாதிருப்பதில்லை. மின்கம்பி மாற்றக் கூரைப்பலகையைக் கழற்றுவர். குழாய் செலுத்தச் சுவரைத் துளைப்பர். மழைநீர் ஒழுகிப் பூச்சை நனைக்கும். பின்னர் அது காய்ந்து உதிரும். விரிவுரை கேட்டுச் செல்லும் மாணவனுக்கு அசையாத கட்டடமாகத் தோன்றுவது, ஏணியில் ஏறிக் கூரைக்குள் தலையை நுழைக்கும் மின்வேலையாளனுக்கு நாள்தோறும் அசையும் கட்டடமாகும். ஜுசியூவிலும் நோய் முதன்மையாகத் தாக்கியது பராமரிப்புப் பணியாளரையே. கல்நார் எல்லோரையும் சமமாகத் தொடும் என்பது உண்மையன்று. கையாற் பணிபுரிவோரையே அது முதலிற் தேடிச் செல்லும்.

மௌனம் 1994ஆம் ஆண்டிற் கலைந்தது. வோழ் மாவட்டத்து ஜெரார்மேர் என்னும் ஊரின் தொழிற்கல்லூரியொன்றில் ஆசிரியர் சிலர் கல்நார் நோயால் இறக்க, அவர்தம் விதவையர் நீதிமன்றம் சென்றனர். அதே ஆண்டில் ஜுசியூவிற் கல்நார் எதிர்ப்புக் குழு புதிதாகத் தோன்றியது. மிஷெல் பரிகோ என்ற ஆய்வாளர் அதில் முன்னின்றார். 1996ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கல்நாராற் பாதிக்கப்பட்டோரின் தேசியச் சங்கம் நிறுவப்பட்டபோது, ஆலைத் தொழிலாளரும் பல்கலைக்கழகத்தாரும் மீண்டும் ஒன்றுசேர்ந்தனர். இருபதாண்டுகட்கு முன் கிளெர்மோன் பெரானில் இடப்பட்ட வித்து இவ்வாறு முளைத்தது எனலாம்.

அகற்றல்

1996ஆம் ஆண்டு முடிவுகளின் ஆண்டாயிற்று. பெப்ரவரி மாதத்தில் வெளியான ஆணை, கட்டட உரிமையாளர் தம் கட்டடங்களிற் கல்நார்ப் பூச்சு உண்டா எனத் தேட வேண்டுமெனப் பணித்தது. பழுதுற்ற பூச்சிருந்து, காற்றில் ஒரு இலீற்றருக்கு 25 இழைகளுக்கு மேற் காணப்பட்டால் வேலைகள் தொடங்கப்பட வேண்டும். வேலை முடிந்தபின் அளவு 5 இழைகளுக்கு மேற்படலாகாது. ஜூலை 2ஆம் திகதி தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு நிறுவனம், அவ்வாண்டிற் பிரான்சிற் குறைந்தது 1,950 மரணங்கள் கல்நாரால் விளையும் எனக் கணித்தது. மறுநாளே அரசாங்கம் தடையை அறிவித்தது. ஜூலை 14ஆம் திகதி, தேசிய தினத்தன்று, ஜனாதிபதி ஜாக் சிராக் ஆண்டிறுதிக்குள் ஜுசியூவில் மாணவர் எவரும் இருக்கமாட்டார் எனக் கூறினார். 1997ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதிமுதற் பிரான்சிற் கல்நார் தடைசெய்யப்பட்டது.

ஜனாதிபதியின் வாக்கு நிறைவேறவில்லை. இரு பல்கலைக்கழகங்களையும் பல ஆய்வுகூடங்களையும் சில மாதங்களில் வேறிடத்துக்கு மாற்றுதல் இயலாததாயிற்று. மூன்றாண்டுகளில் முடிப்பதெனத் திட்டமிடப்பட்ட வேலை, பகுதி பகுதியாகவே நடந்தது. ஒரு தொகுதியை வெறுமையாக்கி அங்கிருந்தோரை மாற்றிடத்துக்கு அனுப்புவர், கல்நாரை அகற்றுவர், புதுப்பிப்பர், பின்னர் அடுத்த தொகுதிக்குச் செல்வர். இப்பணிக்கென 1997ஆம் ஆண்டிற் தனியான அரச நிறுவனமொன்று அமைக்கப்பட்டது.

அகற்றும் முறையை ஓரளவு அறிந்தாலன்றி இத்தாமதம் விளங்காது. முதலில் வேலைத்தலம் முழுவதும் பிளாத்திக்கு விரிப்புகளால் இரட்டையாக மூடி ஒட்டப்படும். உள்ளிருக்கும் காற்று வடிகட்டிகளூடாக இடையறாது வெளியே இழுக்கப்படும். இதனால் உள்ளமுக்கம் வெளியமுக்கத்திலும் குறைந்திருக்கும். எங்கேனும் கிழிசல் ஏற்பட்டாலும் வெளிக்காற்று உள்ளே செல்லுமேயன்றி உட்காற்று வெளியேறாது. தொழிலாளர் உடல் முழுவதையும் மூடும் அங்கியும், தூய காற்று ஊட்டும் முகமூடியும் அணிந்து உள்ளே செல்வர். பூச்சை நனைத்துப் பின்னரே சுரண்டுவர். உலர்ந்த நிலையிற் சுரண்டினாற் தூசி பன்மடங்காகும். வெளிவரும்போது அங்கியைக் கழற்றும் அறை, நீராடும் அறை, மாற்றுடை அணியும் அறை என ஒன்றன்பின் ஒன்றாகக் கடப்பர். அகற்றிய பொருள் இரட்டைப் பைகளில் அடைத்துக் குறியிடப்பட்டு அதற்கென ஒதுக்கிய நிலத்திற் புதைக்கப்படும். அல்லது பிரான்சின் தென்மேற்கே மோர்சான் என்னும் ஊரிலுள்ளதைப் போன்ற ஆலையில் மிகையான வெப்பத்தில் உருக்கிக் கண்ணாடியாக மாற்றப்படும். இறுதியிற் காற்றின் மாதிரி எடுத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இழைகளை எண்ணுவர். அவ்வெண் அனுமதித்த பின்னரே விரிப்புகள் அகற்றப்படும். இத்தனைக்கும் பின்னர், உருக்குச் சட்டங்கள் மீண்டும் வெறுமையாக நிற்கும். தீக்காப்பு மறுபடியும் வேறு பொருளால் அமைக்கப்பட வேண்டும். 1960களில் எழுந்த அதே பிரச்சினைக்குத் திரும்பிவந்து, இம்முறை வேறு விடை எழுத வேண்டியதாயிற்று.

நடுக் கோபுரம் புதுப்பிக்கப்பட்டு 2009ஆம் ஆண்டில் மீளத் திறக்கப்பட்டது; அதற்குச் சமான்ஸ்கியின் பெயரே வழங்குகின்றது. ஏழாம் பாரிஸ் பல்கலைக்கழகம் இடையிலேயே நகரின் தென்கிழக்கிலுள்ள புதிய கட்டடங்களுக்கு இடம்பெயர்ந்தது. 2011ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக் கணக்காய்வு நீதிமன்றம் இவ்வேலையைக் கடுமையாக விமர்சித்து, மொத்தச் செலவை ஏறத்தாழ 185 கோடி யூரோ என மதிப்பிட்டது. வளாகம் முழுவதும் 2016ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றது. எட்டு ஆண்டுகளிற் கட்டிய வளாகத்தைத் தூய்மைப்படுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. கல்நாரின் மலிவுவிலை என்பது, செலவைப் பிள்ளைகளின் கணக்கில் எழுதிவைத்த விலையேயாகும்.

எல்லைகளின் வரலாறு

இவ்வரலாற்றின் சாரத்தை ஓர் எண்ணின் மாற்றத்திற் காணலாம். 1977ஆம் ஆண்டின் எல்லையான கன சென்ரிமீற்றருக்கு 2 இழை என்பதை இலீற்றர்க் கணக்கிற் கூறின் 2,000 இழையாகும். 1996ஆம் ஆண்டில் அது 100 ஆகக் குறைக்கப்பட்டது. அகற்றும் வேலைத்தலங்களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் செய்த அளவீடுகள் எதிர்பார்த்ததிலும் மிகுந்த தூசியைக் காட்டியதன்பின், 2012ஆம் ஆண்டில் ஆணையொன்று பிறந்து, 2015ஆம் ஆண்டு ஜூலைமுதல் எல்லை 10 ஆயிற்று. அளக்கும் முறைகள் இடையில் மாறியமையால் இவ்வெண்களை நேருக்குநேர் ஒப்பிடுதல் முற்றிலும் பொருந்தாது. ஆயினும் போக்கு தெளிவானது. ஒரு காலத்திற் பாதுகாப்பானதென முத்திரையிடப்பட்டது அடுத்த காலத்தில் ஆபத்தானதாயிற்று. ஓர் உச்ச எல்லை இயற்கையின் விதியன்று. அக்காலத்து அறிவுக்கும் அக்காலத்து வலியோருக்கும் இடையே நடந்த பேரத்தின் முடிவு அது.

நீதியின் வரலாறும் இவ்வாறே ஏற்றத்தாழ்வுடையது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும் நிதியம் 2000ஆம் ஆண்டின் சட்டத்தாற் பிறந்தது. 2002ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தொழில் வழங்குநரின் மன்னிக்கவியலாத தவறையும், 2004ஆம் ஆண்டில் அரசறிஞர் மன்றம் அரசின் பொறுப்பையும் உறுதிசெய்தன. ஆயின் தனிமனிதர் மீதான குற்றவியல் வழக்குகள் அவ்வாறு முன்னேறவில்லை. அந்நிரந்தரக் குழுவிலும் பிற பொறுப்புகளிலும் இருந்த பலர்மீது ஜுசியூ விவகாரந் தொடர்பிற் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளின் நீக்கம் 2018ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. இழப்பீடு உண்டு, குற்றவாளி இல்லை. நாற்பது ஆண்டு கழித்து வெளிப்படும் நோய்க்கு முன்னால் நீதியும் மூச்சுத்திணறுகின்றது.

எமது நிலை

தொலைதூரப் பாரிஸின் கதை எமக்கு எதற்கு என ஒருவர் வினவலாம். தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தலே அதற்கு விடை. கல்நார்ச் சீமெந்துச் சீற் இலங்கையின் வீடுகளிலும் பாடசாலைகளிலும் மிகப் பரந்து காணப்படுவது. நீலக் கல்நார் இங்கு முன்னரே தடைசெய்யப்பட்டது. வெள்ளைக் கல்நாரையும் 2018ஆம் ஆண்டுமுதல் நிறுத்தும் முடிவு எடுக்கப்பட்டிருந்தது. 2017ஆம் ஆண்டு டிசெம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதெனக் கூறி ரஷ்யா எமது தேயிலையின் இறக்குமதியை இடைநிறுத்தியது. அந்நாடு கல்நாரை ஏற்றுமதி செய்யும் நாடுமாகும். அதனையடுத்துக் கல்நாரை நிறுத்தும் முடிவு பின்போடப்பட்டது. ஒரு வண்டுக்கும் எமது கூரைக்கும் இத்துணைத் தொடர்பிருக்கும் என யார் நினைத்திருப்பர்?

எமது சீற் ஜுசியூவின் பூச்சுப் போன்றதன்று என்பதையும் நேர்மையாகக் கூறுதல் வேண்டும். சீற்றிற் கல்நார் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே, எஞ்சியது சீமெந்து. இறுகப் பிணைந்த அவ்விழை, முழுமையாக இருக்கும் கூரையிலிருந்து எளிதிற் பிரிவதில்லை. ஆனாற் கூரை பழையதாகும். வெயிலும் மழையும் அதன் மேற்பரப்பை அரிக்கும். ஒருநாள் அது கழற்றப்படும். அந்நாளிற் சம்மட்டியால் அடித்து உடைக்கின்றோமா, உலர்ந்த நிலையில் வாளால் அறுக்கின்றோமா, பாசி நீக்குவதற்காகக் கம்பித் தூரிகையால் தேய்க்கின்றோமா, அன்றி நீர் தெளித்து, ஆணியையும் மரையையும் கழற்றி, சீற்றை முழுதாக இறக்குகின்றோமா என்பதிலேயே வேறுபாடெல்லாம் தங்கியுள்ளது. போரிலும் கடற்கோளிலும் சிதைந்த கட்டடங்களின் இடிபாடுகளை வெறுங்கையால் அள்ளியவர் எம்மவர். உடைந்த சீற்றுத் துண்டுகளைப் பரப்பிப் பாதை நிரவியதை எமது ஊரில் யான் சிறுவயதிற் கண்டதுண்டு. அதன்மேல் ஓடி விளையாடியவருள் யானும் ஒருவன். உதிரும் நிலையிலுள்ள கல்நாரை அகற்றும் வேலை அதற்கெனத் தகுதி பெற்றோராலேயே செய்யப்பட வேண்டும் எனச் சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 1986ஆம் ஆண்டுச் சமவாயம் கூறுகின்றது. எமது ஊரில் அவ்வேலையைச் செய்பவர் நாட்கூலிக்கு வருபவர். துவாயை மூக்கிற் கட்டிக்கொள்பவர்.

ஜுசியூவின் பெருமை அதன் ஆய்வுகூடங்களில் மட்டும் இல்லை. அங்கிருந்த சிலர் தம் தலைக்கு மேல் உதிர்ந்த தூசியைக் கண்டு அஞ்சியதோடு நில்லாது, அதே தூசியை நெடுங்காலம் சுவாசித்த ஆலைப் பெண்களைத் தேடிச் சென்றனர். அறிந்தோரும் அனுபவித்தோரும் சந்தித்த அந்நாளிலேயே அவ்வளாகத்தின் தூய்மைப்பணி உண்மையில் தொடங்கிவிட்டது எனலாம். எமது விரிவுரை மண்டபங்களின் கூரை மாற்றப்படும் நாளும் வரும். அன்று ஏணியில் ஏறும் மனிதரிடம் சென்று, அவர் அகற்றுவது எதுவென்று கூறப்போகின்றவர் யாவர்? அப்பொறுப்பு, அது பற்றி வாசிக்க வாய்ப்புப் பெற்ற எம்முடையதே.